டிரான்ஸ்ஃபார்மரை மாற்றும் முன் கொஞ்சம் காதைக் கொடுங்கள்

"ஆம்ப்ளிஃபையர் 'உம்…'னு இரையுது, டிரான்ஸ்ஃபார்மர் போச்சு போல." சர்வீஸ் மேசைக்கு வரும் செட்டுகளில் பாதி இந்தத் தீர்ப்போடுதான் வருகின்றன. சிலர் வரும் வழியிலேயே மதுரை டவுன்ஹால் ரோட்டில் இறங்கிப் புது டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கிக் கையில் பிடித்திருப்பார்கள். அதை மாட்டினால் இரைச்சல் அப்படியே இருக்கும். பழையதில் பல நேரம் ஒரு குறையும் இருக்காது.

முதலில், சத்தம் எங்கிருந்து வருகிறது? செட்டை ஆஃப் செய்து ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். பெட்டியே இரைந்தால் கோளாறு டிரான்ஸ்ஃபார்மரிலோ வீட்டுக்கு வரும் கரண்டிலோ இருக்கிறது. பெட்டி அமைதியாகிவிட்டால் சத்தம் ஸ்பீக்கர் வழியாக வந்தது. அதற்குக் காரணம் ஃபில்டர், கிரவுண்டு, ஒயரிங் என்று வேறு பக்கம் இருக்கும். வால்வு செட்டில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். ஸ்பீக்கர் என்ற லோடு இல்லாமல் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கே ஆபத்து.

பெட்டியே இரைந்தால்

நம் லைன் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் இரும்புக் கோர் இரண்டு முறை நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குவதால் டிரான்ஸ்ஃபார்மரின் இயல்பான முனகல் 100 ஹெர்ட்ஸ். ராத்திரி ஊர் அடங்கிய பிறகு, பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்தால் லேசாகக் கேட்பது கோளாறே இல்லை. இரண்டடி தள்ளி உட்கார்ந்தும் கேட்டால்தான் பார்க்க வேண்டும்.

இ-ஐ கோர் (E, I வடிவத் தகடுகளை அடுக்கியது) என்றால் தகடுகளைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள்தான் முதல் சந்தேகம். காய்ந்த மரக்குச்சியால் கோரை அழுத்திப் பாருங்கள். இன்னொரு கை பெட்டியில் படக்கூடாது. அழுத்தும்போது சத்தம் மாறினால் தகடு தளர்ந்திருக்கிறது. ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு நான்கு போல்ட்டையும் இறுக்குங்கள். அப்போதும் நிற்காவிட்டால் காயில் கட்டும் கடையில் கொடுத்து, சூடாக்கி வார்னிஷில் முக்கி உலர்த்தி வாங்கலாம். மேலாகப் பசை ஊற்றுவதில் பிரயோஜனமில்லை, அது தகட்டுக்கு உள்ளே இறங்காது. காலுக்கு அடியில் ரப்பர் வாஷரோ சைக்கிள் டியூப் துண்டோ வைத்தால் அதிர்வு சேஸிஸுக்கு (செட்டின் உலோக அடித்தட்டு) ஏறாது. ஆனால் ரப்பர் வைத்ததும் கோருக்கும் சேஸிஸுக்கும் இருந்த இணைப்பு அறுந்துபோகும். கோரிலிருந்து சேஸிஸுக்குத் தனியாக ஓர் எர்த் ஒயர் போட்டுவிடுங்கள்.

வட்ட வடிவ டொராய்டில் ஒரு பொல்லாத தவறு நடக்கும். நடு ஓட்டை வழியாகப் போகும் போல்ட் கீழே சேஸிஸில் இறுகி, மேல் நுனி பெட்டி மூடியையும் தொட்டால், அது ஒரு முழுச் சுற்று ஷார்ட் காயிலாகிவிடும். உறுமல் எழும், ஃபியூஸ் போகும், ஃபியூஸை ஏற்றிப் போட்டிருந்தால் டிரான்ஸ்ஃபார்மரே கருகும். மூடியைத் திருகிய பிறகு மட்டும் இரைகிறது என்றால் இதைத்தான் முதலில் பாருங்கள்.

சில நேரம் மட்டும் இரையும் செட்டுகளும் உண்டு. சாயங்காலம் ஒழுங்காக இருந்தது, நடுராத்திரிக்கு மேல் உறுமுகிறதா? மீட்டரை எடுத்து லைனைப் பாருங்கள். 220 வோல்ட்டுக்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மருக்கு லோடு குறைந்த நேரத்தில் 250 வந்தால் கோர், அதற்கு மேல் காந்தம் ஏற முடியாத நிறைவுநிலையை நெருங்கும். சத்தமும் ஏறும், சூடும் ஏறும். இதற்கு ஸ்டெபிலைசர் உதவும், ஆனால் அதற்குள்ளும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் இரைவது ஆம்ப்ளிஃபையரா ஸ்டெபிலைசரா என்று தனித்தனியே கேட்டுப் பாருங்கள். கரண்டு போய் இன்வெர்ட்டர் எடுத்ததும் மட்டும் கரகரவென்று கத்தினால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். செட்டில் மாற்ற ஒன்றுமில்லை. சைன் வேவ் இன்வெர்ட்டரில் அந்தச் சத்தம் இருக்காது.

பக்கத்து அறையில் ஹேர் டிரையரைப் பாதி வேகத்தில் போட்டதும் டொராய்டு முனகுகிறதா? சில டிரையர்கள் அரைச் சூட்டுக்கு ஒரு டையோடை வைத்து அலையின் ஒரு பாதியை மட்டும் இழுக்கின்றன. அதனால் லைனில் சிறிது டிசி கலக்கும், டொராய்டுக்கு அரை வோல்ட் டிசியே தொந்தரவுதான். இதற்கு டிசி பிளாக்கர் உண்டு: லைனோடு சீரிஸில், எதிரெதிர் முகமாக இணைத்த இரண்டு 10,000 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்), 25 வோல்ட் கெப்பாசிட்டர், அவற்றுக்குக் குறுக்கே, பிளஸ் மைனஸ் கால்களை ஒன்றாகச் சேர்த்த 35 ஆம்பியர் பிரிட்ஜின் (நான்கு டையோடு சேர்ந்த பாகம்) இரண்டு ஏசி கால்கள். முழுக்க மெயின்ஸில் நிற்கும் சர்க்யூட் இது. பழக்கம் இல்லாதவர்கள் கை வைக்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் செட்டுகளின் கதை வேறு. ஸ்டெப் டவுன் போட்டு 110 வோல்ட் கொடுத்தாலும் அலைவரிசை 50தான். கோருக்குக் கணக்கு வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுப்பது: அங்கே 120/60 என்றால் 2, இங்கே 110/50 என்றால் 2.2. பத்து சதவீதம் கூடுதல் சுமை என்பதால் 100 வோல்ட்டுக்கு இறக்கிக் கொடுத்தால் அடங்கும்.

ஸ்பீக்கரில் கேட்டால்

வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இரைச்சலும் குறைந்தால் அது வால்யூம் கண்ட்ரோலுக்கு முன்னாலேயே நுழைகிறது: கேபிள், டிவி, கம்ப்யூட்டர். குறையாமல் அப்படியே நின்றால் பவர் சப்ளை பக்கம்.

வால்யூமுக்கு முன்னால் என்றால் இன்புட் கேபிள்கள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். டிவியைச் செருகியதும் வந்தால், டிவியின் பின்னால் உள்ள ஆன்டெனா கேபிளை உருவிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். கேபிள் டிவி ஒயர் பல மொட்டை மாடி தாண்டி வருகிறது. அதன் வலை உறை எங்கோ ஓரிடத்தில் மண்ணைத் தொடுகிறது, உங்கள் ஆம்ப்ளிஃபையர் வீட்டு எர்த்தைத் தொடுகிறது. இரண்டு மண்ணுக்கும் இடையே இருக்கும் சிறு வோல்ட்டேஜ், ஆடியோ கேபிளின் உறை வழியாக ஓடுகிறது. கிரவுண்டு லூப் என்பது இதுதான். 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் கலந்து வரும்.

கேபிள் டிவி என்றால் லைனில், உறையின் தொடர்பை அறுக்கும் ஒரு ஐசொலேட்டர் போதும். டிடிஎச்சில் டிஷ்ஷுக்கும் பாக்ஸுக்கும் நடுவே அதைப் போட்டுவிடாதீர்கள். பாக்ஸ் அதே ஒயரில்தான் 13 அல்லது 18 வோல்ட் டிசியை டிஷ்ஷுக்கு அனுப்புகிறது. ஐசொலேட்டர் அதைத் தடுத்தால் படமே வராது. அங்கே ஆடியோ லைனில் 600:600 ஓம் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம், ஆப்டிகல் வசதி இருந்தால் அதுவே சுலபம்.

லூப்பை அறுக்கிறேன் என்று மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளைப் பிடுங்குவார்கள். சத்தம் நிற்கும், அதனால்தான் பலரும் செய்கிறார்கள். நாளைக்கு உள்ளே ஃபேஸ் ஒயர் ஒன்று சேஸிஸில் சாய்ந்தால் கரண்டு போக வழியில்லாமல் பெட்டி முழுக்க 230 வோல்ட் நிற்கும். தொடுபவர் உடம்புதான் எர்த். எர்த்தை ஒருபோதும் அறுக்காதீர்கள்.

வீட்டு எர்த்தே செத்துக் கிடப்பதும் உண்டு. பிளக் பாயிண்டில் ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நியூட்ரல்–எர்த் ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள். எர்த் அறுந்திருந்தால் சேஸிஸில் மீட்டர் 100 வோல்ட் வரை காட்டும், பெட்டியைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இழுக்கும். சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்துபோவது மதுரை வீடுகளில் சாதாரணம். குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி மறுநாள் அளந்து பாருங்கள். அப்போதும் மாறவில்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வால்யூமுக்கு மசியாத இரைச்சலுக்கு முதல் காரணம், டிசியைச் சமன்செய்யும் ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்துபோவது. தலை உப்பியிருந்தால் கண்ணுக்கே தெரியும். உப்பாமலும் உள்ளே காய்ந்திருக்கும். கணக்கு எளிது: ஆம்பியரை, 100 பெருக்கல் ஃபாரடால் வகுத்தால் ரிப்பிள், அதாவது டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம். 2 ஆம்பியர் இழுக்கும்போது 4700 எம்எஃப்டியில் சுமார் 4 வோல்ட், 10,000 போட்டால் 2 வோல்ட். அளப்பதற்கு மீட்டரை ஏசியில் வைத்து, 1 எம்எஃப்டி 100 வோல்ட் பாலியஸ்டர் கெப்பாசிட்டரை சீரிஸில் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மலிவு மீட்டர் டிசியையும் சேர்த்துக் காட்டி ஏமாற்றும். பிரிட்ஜில் ஒரு டையோடு ஓப்பன் ஆனாலும் 100 ஹெர்ட்ஸ் 50க்கு இறங்கி இரைச்சல் ஏறும். ஆகவே கெப்பாசிட்டர் மாற்றும் முன் டையோடுகளையும் மீட்டரில் பார்த்துவிடுங்கள். கை வைக்கும் முன் 100 ஓம் 10 வாட் ரெசிஸ்டரால் கெப்பாசிட்டரில் தங்கிய சார்ஜை இறக்குங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்வது ஸ்டைலாக இருக்கும், கெப்பாசிட்டருக்கும் கண்ணுக்கும் நல்லதில்லை.

கையால் அசெம்பிள் செய்த 4440 ஐசி (ஆம்ப்ளிஃபையர் சிப்) செட்டுகளில் பார்ட்ஸைவிட ஒயரிங்தான் வில்லன். டிரான்ஸ்ஃபார்மரின் நடு ஒயர் சேஸிஸில் ஓரிடம், ஸ்பீக்கர் நெகட்டிவ் இன்னோரிடம், இன்புட் கிரவுண்டு எது பக்கமோ அது என்று சால்டர் செய்திருப்பார்கள். ஃபில்டர் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும் ஒவ்வொரு முறையும் சில ஆம்பியர் துடிப்பு அந்த நடு ஒயரில் பாய்கிறது. அதே பாதையில் மில்லிவோல்ட் சிக்னலின் கிரவுண்டும் இருந்தால் இரையாமல் என்ன செய்யும்? நடு ஒயர் நேராக ஃபில்டர் கெப்பாசிட்டரின் நெகட்டிவ் காலுக்குப் போகட்டும். அங்கிருந்து ஸ்பீக்கருக்கு ஒன்று, போர்டின் பவர் கிரவுண்டுக்கு ஒன்று, ப்ரீ (இன்புட் பகுதி) கிரவுண்டுக்கு ஒன்று என்று தனித்தனி ஒயர். அந்த ஐசியிலேயே ப்ரீ, பவர் என்று கிரவுண்டு கால்கள் பிரித்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஷீல்டு ஒயரின் உறையை ஒரு முனையில் மட்டும் சேருங்கள். வால்யூம் கண்ட்ரோலின் உலோக உடலுக்கும் ஒரு கிரவுண்டு ஒயர் வேண்டும். குமிழைத் தொட்டால் சத்தம் குறைகிறது என்றால் அது விட்டுப்போயிருக்கிறது.

நிஜமாகவே டிரான்ஸ்ஃபார்மர்தானா என்று பார்க்க, செகண்டரி (வெளியேறும் பக்க) ஒயர்களைக் கழற்றிவிட்டு 60 வாட் குண்டு பல்பை லைனோடு சீரிஸில் போட்டு ஆன் செய்யுங்கள். எல்இடி பல்பு உதவாது. ஒரு மின்னல் மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே சுற்றுகள் ஷார்ட். புதிது வாங்கும்போது ஒயர் நுனியைச் சுரண்டிச் சால்டர் வைத்துப் பாருங்கள். ஈயம் ஒட்டாமல் உருண்டால் அலுமினியம். பொருத்தும்போது போல்ட்டை உடனே இறுக்க வேண்டாம். ஆஃப் செய்து டிரான்ஸ்ஃபார்மரைக் கால் சுற்று திருப்பி, ஆன் செய்து கேட்டு, எந்தத் திசையில் ஸ்பீக்கர் அடங்குகிறதோ அங்கே இறுக்குங்கள்.