சாலையோரப் பூவைப் பார்த்ததும் பிரேக்கை மிதிக்காதீர்கள்

சாலையோரப் பூக்களைப் படமெடுக்க மாசி, பங்குனியில் சென்னையைத் தாண்டிச் செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமச் சாலைகளில் போனால் ஆவாரை, பிரமதண்டு, எருக்கு, காலடியில் நெருஞ்சி என்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். கோவளம் பக்கம் மணலில் அடப்பங்கொடி படர்ந்து கிடக்கும். அதன் பூ காலையில் விரிந்து மதியத்துக்குள் வாடிவிடும். வெயில் ஏறினால் மஞ்சள் இதழ்கள் படத்தில் வெளுத்துவிடும். அதனால் விடிந்ததும் தொடங்கி 8.30க்குள் முடித்துக்கொள்வது நல்லது.

பூவைக் கண்டதும் சட்டென்று பிரேக் போடுவதுதான் பெரிய ஆபத்து. 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. பின்னால் வருபவர் சுதாரிப்பதற்குள் அந்தத் தூரம் போய்விடும். பூவைத் தாண்டியே போங்கள். டீக்கடையோ பெட்ரோல் பங்கோ அகலமான மண் ஓரமோ வரும்போது நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். வளைவிலும் பாலத்திலும் நிறுத்தவே வேண்டாம். நான்கு சக்கரமும் தாரை விட்டு இறங்கியிருக்க வேண்டும். கடலோரத்தில் மணல் இளகலாக இருக்கும், சக்கரம் புதையும். முதலில் காலால் மிதித்துப் பாருங்கள். கண் கேமராவில் இருக்கும்போது கால் தன்னையறியாமல் பின்னால் போகும். ஆகவே சாலையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் கூடவே நிற்கட்டும்.

எருக்கு விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். பூவை மறைக்கும் இலையைக் கிள்ளினால் பால் விரலில் ஒட்டும். அதே விரலால் முகத்து வியர்வையைத் துடைத்தால் கண்ணுக்குள் போய்விடும். பெரிதாக வலிக்காமலே பார்வை மங்கக்கூடும். வலியில்லையே என்று பலர் தள்ளிப்போடுவது அதனால்தான். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிட்டு, சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் கண்ணைக் கழுவுங்கள். அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். குடிக்கிற தண்ணீர் போக, இதற்கென்று 2 லிட்டர் வண்டியில் இருக்கட்டும். இலையைக் கிள்ளாமல் குச்சியால் ஒதுக்கினாலே போதும்.

வெள்ளைப் பொடிப் பூவாய் நிற்கும், ஒவ்வாமை தரும் களைச்செடியான பார்த்தீனியத்தின் பக்கம் ஆஸ்துமா உள்ளவர்கள் போகாமல் இருப்பது நல்லது. மற்றவர்களுக்கும் முழுக்கைச் சட்டை வேண்டும். புதரை நெருங்கும்போது ஷூ கட்டாயம். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108ஐ அழையுங்கள்.

மஞ்சள் பூவுக்கு கேமராவில் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) -0.7 அளவுக்குக் குறைத்தால் இதழின் கோடுகள் தெரியும். காற்றில் ஆடும் பூவுக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி. லாரி கடந்தால் செடி அடங்கும்வரை காத்திருங்கள். போனில் எடுப்பவர்கள் பூவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிக்கொள்ளலாம்.