மின்ட்

பழைய பொம்மைக் கார்களை இணையத்தில் விற்பவர்கள் வாய்க்கு வாய் சொல்வது இந்தச் சொல்லைத்தான். 'மின்ட் கண்டிஷன்', 'நியர் மின்ட்', 'மின்ட் இன் பாக்ஸ்'. புத்தம்புதுசு என்று நாம் அர்த்தம் பண்ணிக்கொள்கிறோம். பணம் போவது அங்கேதான்.

ரோமாபுரியில் கேப்பிட்டோலின் குன்றின் மேல் ஜூனோ மொனேட்டா என்ற பெண் தெய்வத்துக்குக் கோயில் இருந்தது. காசு அடிக்கும் பட்டறை அதை ஒட்டி இருந்ததால், அம்மன் பெயரே பட்டறைக்கும் காசுக்கும் ஆகிவந்தது. அது ஆங்கிலத்துக்குப் போய்த் தேய்ந்து மின்ட் ஆனது. பணத்தைக் குறிக்கும் 'மனி'யும் அதே வயிற்றில் பிறந்ததுதான். சென்னைத் தங்கசாலைத் தெருவை 'மின்ட் ஸ்ட்ரீட்' என்பதும் அங்கே காசு அடித்த பட்டறை இருந்ததால். தமிழில் இதற்குப் பழம்பெயர் அக்கசாலை. பாண்டியர் துறைமுகமான கொற்கைக்குப் பக்கத்தில் அந்தப் பெயரில் ஓர் ஊரே இருக்கிறது.

ஆக, அச்சை விட்டு வெளியே வந்த காசு, கைபட்டுத் தேயாமல் அப்படியே இருப்பதுதான் மின்ட். நாணயமும் தபால்தலையும் சேர்ப்பவர்களிடம் புழங்கிய சொல் இது. இதில் வயதுக்கு வேலையே இல்லை. 1960களில் லண்டனில் லெஸ்னி கம்பெனி வார்த்த 'மேட்ச்பாக்ஸ்' பொம்மைக் கார் மின்ட்டாக இருக்கலாம். போன மாதம் வாங்கிய கார் அப்படி இல்லாமலும் போகலாம்.

அப்படி ஒரு லெஸ்னி காரை 'மின்ட்' என்ற ஒற்றைச் சொல்லை நம்பி 3,500 ரூபாய்க்கு வாங்கினேன். படத்தில் பளபளவென்று இருந்தது. கையில் வந்ததும் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத் தகட்டை உடலோடு பிணைக்கும் ரிவெட்டின் தலை காளான் மாதிரி விரிந்து, மழமழவென்று இருக்க வேண்டும். இதில் நடுவே துளை போட்டு, பசை வைத்து ஒட்டியிருந்தது. பிரித்து, சுரண்டி, மறுபடி பெயின்ட் அடித்த வண்டி! கதவு இடுக்கில் பெயின்ட் தேங்கி, கோடே மறைந்துபோயிருந்தது. அன்று ஆறவில்லை மனசு. மறுபெயின்ட் அடிப்பது குற்றமில்லை, அழகாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

'மின்ட் இன் பாக்ஸ்' என்றால் பெட்டியும் அந்தக் காலத்துப் பெட்டிதானா என்று கேட்டுவிடுங்கள். இப்போது அச்சடித்த நகல் பெட்டிகள் தனியாகவே கிடைக்கின்றன. 'லூஸ்' என்பது பெட்டியோ அட்டையோ இல்லாத பொம்மை, சக்கரம் ஆடுவது அல்ல.

தமிழில் என்ன சொல்லலாம்? 'புத்தம்புதிய' பொருந்தாது. 'நாணயச்சாலை நிலை' என்றால் யாருக்கும் புரியாது. 'அச்சுக் குலையாத' என்பதே என் தேர்வு. காசும் அச்சில் பிறந்தது, இந்தக் கார்களும் உலோகத்தை அச்சில் வார்த்தவை. ரிவெட்டைத் துளைத்த வண்டியை எவரும் கூசாமல் அப்படிச் சொல்ல முடியாது. நியர் மின்ட்டுக்கு 'லேசாக மெருகு மங்கியது' போதும். எந்த இடத்தில் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

சென்ற வாரம் மதுரையிலிருந்து விற்ற ஒருவரிடம், "அச்சுக் குலையாம இருக்கா அண்ணே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: "முன் பம்பர்ல ஒரு புள்ளி பெயின்ட் போயிருக்கு தம்பி. அடிப்பக்கம் படம் எடுத்து அனுப்பவா?"