ஈயச் சொம்பும் கீசர் தண்ணீரும்

கொடைக்கானலில் கன உலோகம் என்று பேச்செடுத்தால் பாதரசத்தைத்தான் சொல்வார்கள். தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்ட பிறகும் அந்தப் பயம் போகவில்லை, நியாயமான பயம்தான். ஆனால் சின்னப் பிள்ளையின் பால் டம்ளரிலும் ரசச் சோற்றிலும் சத்தமில்லாமல் சேரக்கூடியது காரீயம், அதாவது லெட். பெரியவர் விழுங்கும் காரீயத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் உடலில் சேரும். சிறு குழந்தையின் குடல் பாதி வரை உறிஞ்சிவிடும். இரும்புச்சத்து குறைந்திருந்தால் இன்னும் கூடுதல். இவ்வளவு போனால் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது.

மலையில் முதலில் கவனிக்க வேண்டியது வெந்நீர். விடிகாலைக் குளிரில் கீசர் குழாயைத் திறந்து, அந்த நீரிலேயே பால் பவுடர் கலக்குவதும் கஞ்சி வைப்பதும் ஊட்டியிலும் உண்டு, கொடைக்கானலிலும் உண்டு. மலை ஓடை நீரில் உப்புகள் குறைவு. குழாயின் உட்புறத்தில் சுண்ணாம்புப் படிவு கட்டாததால், பித்தளை டேப், பற்றவைத்த இணைப்பு, பழைய பிவிசி குழாய் ஆகியவற்றில் காரீயம் இருந்தால் இந்த நீர் எளிதில் கரைத்துவிடும். சூடேறினால் இன்னும் வேகமாக. இரவெல்லாம் குழாயில் தேங்கிய முதல் தண்ணீரில்தான் அதிகம்.

அதனால் குளிர்நீர்க் குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, பிறகு பிடித்து அடுப்பில் காய்ச்சுங்கள். முதலில் வரும் தண்ணீர் வாளியில் விழட்டும், வாசல் கழுவ ஆகும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், காரீயம் போகாது. வற்ற வற்றச் செறிவுதான் கூடும். சாதாரண கேண்டில் ஃபில்டரை நம்ப வேண்டாம், ஆர்.ஓ. பெரும்பகுதியை நீக்கும். ஆய்வகத்துக்குக் கொடுப்பதானால் காலை முதல் நீர் ஒரு பாட்டில், ஓடவிட்ட நீர் ஒரு பாட்டில். முதலாவதில் மட்டும் அதிகமென்றால் கோளாறு பெரும்பாலும் வீட்டுக் குழாயில். இந்தியக் குடிநீர்த் தரத்தின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்.

அடுத்தது ஈயச் சொம்பு. வெள்ளீயம், காரீயம் இரண்டையும் வெறுமனே 'ஈயம்' என்றே சொல்லிப் பழகியதுதான் இங்கே வில்லங்கம். ரசத்துக்கு உரியது வெள்ளீயம், அதாவது டின். அது விலை அதிகம், காரீயம் மலிவு. கலப்படத்துக்கு வேறு காரணம் வேண்டாம். வெள்ளைத் தாளில் தேய்த்துக் கரும்பென்சில்போலக் கோடு விழுந்தால் சந்தேகப்படுங்கள். கோடு விழவில்லை என்பதற்காகச் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. புளியும் தக்காளியும் காரீயத்தை இழுத்து ரசத்தில் இறக்கிவிடும். பிள்ளைக்கான ரசத்தை எவர்சில்வரில் வைத்துவிடுங்கள், மணம் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயத்துக்கும், பழைய உலோகத்தை உருக்கி வார்த்த அலுமினியச் சட்டிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கண்ணைப் பறிக்கும் விரலி மஞ்சளில் லெட் குரோமேட் என்ற காரீயச் சாயப் பூச்சு இருக்கலாம்; தண்ணீரில் போட்டதுமே பளிச்சென்று மஞ்சள் சாயம் இறங்கினால் ஒதுக்கிவிடுங்கள். கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கை மண் போகக் கழுவித் தோல் சீவுங்கள். அரிசியை நிறைய நீரில் வேகவைத்து வடித்தால் ஆர்சனிக் என்ற இன்னொரு நச்சுப் பொருள் குறையும், ஆனால் அந்த வடிகஞ்சியைக் குழந்தைக்குப் புகட்டக் கூடாது. கேழ்வரகு, முருங்கைக்கீரை, கூடவே ஒரு கொய்யாத் துண்டு என்று கொடுத்துவந்தால் சுண்ணாம்புச்சத்தும் இரும்புச்சத்தும் குறையாது. அதனால் காரீயம் உறிஞ்சப்படுவதும் குறையும்.

பெரும்பாலும் வெளியே அறிகுறி தெரியாது, ரத்தப் பரிசோதனைதான் வழி. டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் வந்தால், காரீயம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தம் என்றால் உடனே கலங்க வேண்டாம். தோலில் ஒட்டிய தூசியே அளவை ஏற்றிக் காட்டும். கையிலிருந்து ஊசி போட்டு ரத்தம் எடுத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.