ஈரத்துணியை எண்ணுங்கள்

மூன்றாம் ராத்திரி என்றாலே எங்கள் வார்டில் எல்லாருக்கும் தெரியும். அதுவரை சமர்த்தாகத் தூங்கிய பிள்ளை அன்றைக்கு விடாமல் அழும். மார்பில் வைத்தால் குடிக்கும், இறக்கினால் கத்தும். பதினொரு மணிக்குள் ஒரு பாட்டியாவது எங்கள் மேஜைக்கு வந்துவிடுவார். "சிஸ்டர், பொண்ணுக்குப் பாலே ஊறலை. டப்பாப் பால் குடுத்துடவா?"

வடசென்னையில் பிரசவமான பெண்களுக்குப் பாலூட்டச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. பாதி நாள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே போய்விடும்.

போன கோடையில் வந்த மாமியார் டப்பாவை மஞ்சப்பையில் தயாராகவே கொண்டுவந்திருந்தார். மருமகளுக்கு சிசேரியன், முதல் குழந்தை. நான் டப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இன்னைக்கு எத்தனை தடவை துணி மாத்துனீங்கம்மா?" என்று மட்டும் கேட்டேன். யோசித்து, மூன்று என்றார். மூன்றாம் நாளுக்கு அது சரியான கணக்கு. மலம் கறுப்பு மாறிப் பச்சையாகியிருந்தது. பிறந்தபோது 2.9 கிலோ, அன்று சாயங்காலம் 2.7. முதல் சில நாளில் எடை கொஞ்சம் இறங்குவது எல்லாக் குழந்தைக்கும் நடப்பதுதான். பத்து சதவீதத்தை நெருங்கினால்தான் எங்களுக்குக் கவலை. ஆக, பிள்ளைக்குப் பால் போய்க்கொண்டுதான் இருந்தது.

ஆனால் அந்தப் பெண் உட்கார்ந்திருந்த விதம் சரியில்லை. தையல் வலிக்குப் பயந்து முன்னால் குனிந்து, இரண்டு விரலால் காம்பைக் கிள்ளிப் பிடித்துப் பிள்ளையின் வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். முதுகுக்கு ஒரு தலையணை, மடிக்கு ஒன்று. பிள்ளையை அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் அணைத்துப் பிடிக்கச் சொன்னேன். வயிற்றுத் தையலில் கால் படாது. காம்பால் மேலுதட்டை லேசாகத் தடவினால் போதும், பிள்ளை கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறக்கும். அந்த நொடியில் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும், மார்பைப் பிள்ளையிடம் இழுத்துக்கொண்டு போகக் கூடாது. மோவாய் மார்பில் அழுந்தி, கீழுதடு வெளியே மடங்கி, காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தில் பெரும்பகுதி வாய்க்குள் போய்விட வேண்டும். நான்காவது முயற்சியில் பிடித்தான். வெடுக் வெடுக்கென்று இழுத்தவன், கொஞ்ச நேரத்தில் தாடையை நிதானமாக இறக்கி ஏற்ற ஆரம்பித்தான். "இப்ப வலிக்கலை சிஸ்டர்" என்றாள். சரியாகப் பிடித்ததற்கு அடையாளமே அதுதான். தொடர்ந்து காம்பு வலித்தாலோ வெடித்தாலோ பிடிப்பு தப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டிய விஷயமில்லை.

இறைத்த கிணறுதான் ஊறும் என்பது தாய்ப்பாலுக்கு அப்படியே பொருந்தும். பிள்ளை எவ்வளவு குடித்துக் காலி செய்கிறதோ, உடம்பு அதற்கேற்பச் சுரக்கும். முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் அளவு சீம்பால் வந்தாலே பிள்ளைக்குக் காணும். பிறகு மூன்று, நான்கு நாளில் பால் கட்டும். சிசேரியன் என்றால் இன்னும் ஓரிரு நாள் ஆகலாம். அதற்கு நடுவில் ராத்திரி ஒரு புட்டி கொடுத்தால் பிள்ளை நான்கு மணி நேரம் தூங்கிவிடும், வீடே நிம்மதியாகிவிடும். ஆனால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் அதிகமாக இருப்பதே ராத்திரியில்தான். அந்த நேரத்தில் மார்பு காலியாகவில்லை என்றால் மறுநாள் பால் குறையும். "பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்ல" என்று பாட்டி ஜெயித்துவிடுவார். இந்தப் பால் பவுடருக்கு விளம்பரம் செய்வதையும் தாய்மாருக்கு இலவசமாகக் கொடுப்பதையும் 1992-லேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். விளம்பரம் இல்லாமலேயே டப்பா மஞ்சப்பையில் வந்துவிடுகிறது.

சரி, பால் போதுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மார்பை அழுத்திப் பார்த்தோ, அழுகையை வைத்தோ தெரியாது. ஈரத்துணியை எண்ணுங்கள். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று. ஐந்து நாள் தாண்டினால் குறைந்தது ஆறு. டயப்பரில் கணக்குத் தப்பும், அதனால் முதல் வாரம் பழைய வேட்டித் துணியே மேல். ஐந்தாம் நாளுக்குள் மலம் மஞ்சளாக வேண்டும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்ப வேண்டும். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை குடிப்பது சாதாரணம்.

பிறந்த பிள்ளையின் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டுச் சேனை வைப்பது இன்னும் நிற்கவில்லை. தேனை ஒரு வயது வரை தொட்டும் வைக்காதீர்கள், அதிலிருக்கக்கூடிய கிருமி குழந்தையின் உடம்பையே தளர்த்திப் போட்டுவிடும். கழுதையை ஓட்டிக்கொண்டு தெருவில் வருகிறவரிடம் பால் வாங்கிப் புகட்டுவதும் வேண்டாம். சித்திரை வெயிலானாலும் ஆறு மாதம் வரை தண்ணீரும் தேவையில்லை. தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். தண்ணீர் வேண்டியது தாய்க்கு. அவளுக்குப் போய் "ஜன்னி வரும்" என்று சொம்பை எடுத்து ஒளித்துவைக்கிற வீடுகள் இருக்கின்றன, எனக்குக் கோபம் வருகிற இடம் அதுதான். பால்சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் தாராளமாகச் செய்து போடுங்கள். பால் ஊறுகிறதோ இல்லையோ, பிள்ளை பெற்றவளுக்கு நல்ல சாப்பாடு.

நிஜமாகவே பால் குறைவாக இருக்கும் பெண்களும் உண்டு. பிரசவத்தில் ரத்தம் நிறையப் போயிருக்கும், தைராய்டு இருக்கும், மார்பில் ஆபரேஷன் நடந்திருக்கும். அவர்களுக்கு டாக்டர் சொன்னால் பவுடர் பாலைப் பாலாடைக் கிண்ணத்தில் புகட்டலாம், அதில் எந்தக் குற்றமும் இல்லை. பிள்ளை எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தால், துணி நனையாமல் அரை நாள் போனால், மஞ்சள் காமாலை நிறம் கால் வரை இறங்கினால், தாய்க்குக் காய்ச்சலோடு மார்பு சிவந்து வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.

அந்த மாமியார் பன்னிரண்டாம் நாள் மருமகளோடு வந்தார். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் பென்சிலால் கோடு, ஈரத்துணிக்கு ஒன்று. ஆறாம் நாள் ஏழு, எட்டாம் நாள் ஒன்பது. தராசில் 2.95. டப்பா என்ன ஆனது என்று கேட்டேன். சீல் உடைக்காததால் கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொண்டாராம்.

"கோடு இன்னும் போடணுமா சிஸ்டர்? பென்சில் வேற தீந்துபோச்சு."