புரோட்டியசோம்: சொல் விளக்கம்

மைலோமா என்ற இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தேடி வேலூர் சி.எம்.சி.க்கு வருகிறவர்கள் பலர். இந்த நோய்க்குத் தரும் மருந்துகளில் ஒன்று போர்டெசோமிப் ஊசி. அது எதைத் தடுக்கிறது என்று கேட்டால், ‘புரோட்டியசோம்’ என்பார்கள். குடியாத்தத்திலிருந்தோ ஆரணியிலிருந்தோ துணைக்கு வந்தவருக்கு அது வெறும் சத்தம். காதில் விழுந்ததும் பாதியாவது புரிகிற ஒரு தமிழ்ச் சொல் அவருக்கு வேண்டும்.

புரோட்டியசோம் என்ற பெயர் 1988-இல் வந்தது. புரதத்தை வெட்டும் நொதி புரோட்டியேஸ். ‘சோமா’ கிரேக்கத்தில் உடல். ரைபோசோம், குரோமோசோம் எல்லாவற்றிலும் ஒட்டியிருப்பது இதே சோமாதான்.

செல்லுக்குள் வேண்டாத புரதங்களை வெட்டுவதே புரோட்டியசோமின் வேலை. அதை ஈஸ்டில் பார்ப்பது சுலபம். வேலூர் பேக்கரிகளில் பன் மாவை உப்ப வைக்கும் அதே ஈஸ்ட்தான். அதன் செல்லில் ஒரு புரதம் சரியாக மடியாமல் போனால், 76 அமினோ அமிலங்களே கொண்ட யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை அதன்மேல் சங்கிலியாகக் கோத்துவிடும் சில நொதிகள். செல்லுக்குள் இருக்கும் சவ்வுப் பின்னலான எண்டோபிளாச வலைக்குள் சரியாக மடியாத புரதம் என்றால், சிடிசி48 என்ற இன்னொரு புரதம் அதை வெளியே இழுத்துப்போடும். அப்புறம்தான் புரோட்டியசோமின் முறை. அதன் நடுப்பகுதி ஒரு பீப்பாய்: வளையத்துக்கு ஏழு துண்டு, நான்கு வளையம், ஆக 28. வெட்டும் இடங்கள் அத்தனையும் உட்புறம். வாயிலில் இருக்கும் மூடி யுபிக்விட்டினைக் கழற்றிவிட்டு, சிக்கு விழுந்த நூலைப் பிரிப்பதுபோலப் புரதத்தை நீட்டி உள்ளே செலுத்தும். அதனால் நல்ல புரதம் எளிதில் மாட்டாது. உள்ளே போனது சிறு துண்டுகளாக வெளிவந்து, பிறகு அமினோ அமிலங்களாகி மறுபடி பயன்படும். போர்டெசோமிப் பீப்பாய்க்குள் எங்கே போய் உட்காருகிறது என்பதையும் 2006-இல் ஈஸ்டின் புரோட்டியசோமில்தான் கண்டார்கள்.

சரி, தமிழில்? ‘புரத உடலம்’ என்றால் வேலை தெரியவில்லை. ‘புரத அழிப்பான்’ பயமுறுத்துகிறது, தவறும்கூட. அமினோ அமிலங்கள் அழிவதில்லையே. என் தேர்வு ‘புரதச் சிதைப்பகம்’. அகம் என்றால் வீடு, உள்ளிடம். உள்ளே மட்டுமே வெட்டு நடக்கும் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு வேறு கிடைக்கவில்லை. அதைத் தடுக்கும் மருந்து ‘சிதைப்பகத் தடுப்பி’.

யுபிக்விட்டினை அப்படியே விடலாம். லத்தீனில் ‘எங்கும்’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இருக்கும் இடத்தைச் சொல்கிறதே தவிர வேலையைச் சொல்லவில்லை. முதல்முறை எழுதும்போது ‘அடையாளப் புரதம்’ என்று பக்கத்தில் சேர்த்தால் போதும்.