விற்பனை இரண்டு மடங்கு, கையில் காசில்லை

சிறு தொழில் செய்கிறவர்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. புதுக் கணக்கு தொடங்கும்போது எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பேன்: "இந்த வருஷம் என்ன திட்டம்?" பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "சேல்ஸை டபுள் பண்ணணும் சார்."

சீருடை தைத்துக் கொடுக்கும் ஒரு பெண்மணி அதை டைரியின் முதல் பக்கத்திலேயே எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டு வைத்திருந்தார். எட்டாவது மாதமே செய்தும் காட்டினார். பத்தாவது மாதம், தையல்காரர்களுக்குச் சம்பளம் போட வழியில்லாமல் என் எதிரே உட்கார்ந்திருந்தார். "எல்லாமே நல்லாத்தானே சார் போச்சு? எங்க தப்பு பண்ணேன்?"

அவர் செய்ததில் தப்பே இல்லை. எழுதாமல் விட்டதில்தான் இருந்தது. கணக்கைப் பாருங்கள். மாதம் 100 ரூபாய்க்கு விற்பனை என்று வைத்துக்கொள்வோம். துணி, கூலி, வாடகை எல்லாம் சேர்த்து 80 செலவு, அந்த மாதமே கையை விட்டுப் போய்விடும். வாடிக்கையாளர் பணம் தருவதோ இரண்டு மாதம் கழித்து. விற்பனை 200 ஆனதும் செலவு 160. ஆனால் அந்த மாதம் கைக்கு வருவது இரண்டு மாதத்துக்கு முந்தைய பழைய 100தான். 60 துண்டு விழுகிறது. அடுத்த மாதமும் அதே 60. மூன்றாவது மாதம்தான் 200 வந்து, 40 மிஞ்சும். விழுந்த 120ஐ நிரப்பவே மூன்று மாதம் ஆகும். லாபத்தில் ஓடுகிற தொழில் சம்பள நாளில் திணறுவது இப்படித்தான். வளர வளர இந்தப் பள்ளமும் கூடவே வளரும்.

அதனால் நான் யாருக்கும் முதலில் போடச் சொல்வது வருஷ இலக்கு இல்லை, 13 வாரத் தாள். 13 வாரம் என்றால் காலாண்டு. வாரத்துக்கு ஒரு கட்டம். மேலே தொடக்க இருப்பு, அதன் கீழே வரவு, அப்புறம் செலவு, கடைசியில் மிச்சம். அந்த மிச்சமே அடுத்த கட்டத்தின் தொடக்கம். பில் போட்ட தேதியை மறந்துவிடுங்கள். அந்த வாடிக்கையாளர் போன தடவை நிஜமாக எப்போது பணம் தந்தார் என்று பார்த்து, அந்த வாரத்தில் வரவை எழுதுங்கள். வரி, கடன் தவணை, உங்கள் வீட்டுக்கு எடுக்கும் பணம் எல்லாம் செலவுதான். (கடைசியாகச் சொன்னதைப் பாதிப் பேர் எழுத மாட்டார்கள். வெட்கமா, மறதியா, தெரியவில்லை.) ஒவ்வொரு வாரமும் முடிந்த கட்டத்தை அடித்துவிட்டு, கடைசியில் புதிதாக ஒன்று சேர்க்க வேண்டும்.

ஏழாவது வாரம் மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது என்று இன்றே தெரிந்தால் ஆறு வாரம் கையில் இருக்கிறது. முன்பணம் கேட்கலாம், துணிக்காரரிடம் தவணை பேசலாம், டெலிவரியைத் தள்ளலாம். ஏழாவது வாரம் வந்த பிறகு தெரிந்தால் அதிக வட்டிக்கு வாங்குவது ஒன்றுதான் வழி.

சரி, தாளில் எழுதும் நாட்களையாவது நம்பலாமா? நாம் எல்லோருமே வேலை முடியும் நாளைக் குறைத்துத்தான் போடுகிறோம். கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் இதைப் பற்றி எழுதினார்கள். முன்பு இதே மாதிரி வேலை தாமதமானது நினைவில் இருந்தும், இந்தத் தடவை சரியாக முடிந்துவிடும் என்றே மனசு சொல்லும். சிட்னி ஓப்பரா ஹவுஸ் 1963இல் முடிந்துவிடும் என்று மதிப்பிட்டார்கள், திறந்தது 1973இல். 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று போட்ட செலவு 10 கோடியே 20 லட்சம் ஆனது. அவ்வளவு பெரிய நிபுணர்கள் கதையே அப்படி. மனசைக் கேட்காமல் பழைய நோட்டைக் கேளுங்கள். கடைசி ஐந்து ஆர்டர் எத்தனை நாள் பிடித்தது? அதுதான் உங்கள் நாள்.

இலக்கு என்றதும் 'ஸ்மார்ட்' (SMART) சூத்திரத்தைச் சிலர் எடுத்து விடுவார்கள். அந்த ஐந்து ஆங்கில எழுத்தும் நல்ல இலக்குக்கு இருக்க வேண்டிய ஐந்து குணங்களைக் குறிக்கும். 1981இல் ஜார்ஜ் டோரன் என்ற நிர்வாக ஆலோசகர் அதை எழுதியபோது 'ஏ' என்ற எழுத்துக்கு அவர் கொடுத்த பொருள், யார் பொறுப்பு என்பது. பின்னால் வந்தவர்கள் 'எட்டக்கூடியது' என்று மாற்றிக்கொண்டார்கள். சிறு தொழிலுக்கு எனக்குப் பழையதே பிடிக்கும். ஏனென்றால் இங்கே எல்லா வேலைக்கும் பதில் ஒரே ஆள், முதலாளி. புது வாடிக்கையாளரைத் தேடுவதும் அவர்தான், பாக்கி வசூலிப்பதும் அவர்தான், மெஷின் நின்றால் ஓடுவதும் அவர்தான். "டபுள்" என்ற சொல்லுக்கு எதிரே செவ்வாய்க்கிழமை காலை யார், எத்தனை மணிக்கு, என்ன செய்வது என்று எழுத முடியவில்லை என்றால் அது வெறும் ஆசை. அந்தப் பெண்மணியிடம் டைரியில் வேறு வரி எழுதச் சொன்னேன்: செவ்வாய் 10 மணி முதல் 11 வரை, நாள் கடந்த பாக்கிகளுக்குப் போன்.

இரண்டு மாதம் அதையே செய்தார். மூன்றாவது மாதம் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. முன்பென்றால் உடனே சரி சொல்லியிருப்பார். அன்று தாளை எடுத்துப் பார்த்தார், ஒன்பதாவது கட்டம் இடித்தது. "துணிப் பணம் முன்னாலேயே கொடுத்தால் எடுத்துக்கிறேன், இல்லைன்னா அடுத்த காலாண்டுதான்" என்றார். எதிர்ப்பக்கம் கொஞ்சம் முகம் சுளித்தார்கள். நான்கு நாள் கழித்து, பாதிப் பணத்தோடு வந்தார்கள்.