குற்றம் குறைந்ததா, பதிவு குறைந்ததா? பிரிட்டிஷ் நாடாளுமன்றம் காவல்துறைக் கணக்கைச் சோதித்த விதம்

“எங்கள் ஆட்சியில் குற்றங்கள் குறைந்துவிட்டன” என்று உள்துறை அமைச்சர் சபையில் அறிவிக்கிறார். அவர் கையில் இருப்பது காவல் நிலையங்கள் கொடுத்த எண்ணிக்கை. அதைக் கேள்வி கேட்க வேண்டிய உறுப்பினர்களிடமும் இருப்பது அதே எண்ணிக்கைதான். அப்படியென்றால் அரசின் குற்றத் தடுப்புக் கொள்கையை நாடாளுமன்றம் எதை வைத்து மதிப்பிடுவது? தராசிலேயே கோளாறு இருந்தால் எடையைப் பற்றி எவ்வளவு வாதாடியும் பயனில்லை.

இந்தச் சிக்கலை இங்கிலாந்தும் வேல்ஸும் 2013, 2014 ஆண்டுகளில் நேருக்கு நேர் சந்தித்தன. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையில், அரசின் வேலையை ஆராயும் உறுப்பினர் குழுக்களில் (தேர்வுக் குழு என்பார்கள்) ஒன்றான பொது நிர்வாகக் குழு, காவல்துறையின் குற்றப் புள்ளிவிவரத்தையே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. உள்துறையைக் கண்காணிக்க உள்துறை விவகாரக் குழு தனியாக உண்டு. ஆனால் அரசுப் புள்ளிவிவரங்களின் தரத்தைக் கவனிக்கும் புள்ளியியல் ஆணையம் நாடாளுமன்றத்துக்கே பதில் சொல்லும் அமைப்பு. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான அந்த ஆணையத்தின் பணிகளைக் கவனிக்கும் பொறுப்பு பொது நிர்வாகக் குழுவிடம் இருந்தது. அதனால் ‘கொள்கை பலன் தந்ததா’ என்ற கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு, ‘பலனை அளக்கும் கோல் சரியா’ என்பதிலிருந்தே அந்தக் குழுவால் தொடங்க முடிந்தது.

முதலில் ஒரு புகார் எப்படி எண்ணாக மாறுகிறது என்று பார்ப்போம். ஒருவர் காவல்துறைக்குத் தொலைபேசியில் பேசினால் கட்டுப்பாட்டு அறையில் அது ‘சம்பவம்’ என்று குறிக்கப்படும். அதில் சொல்லப்பட்டது சட்டப்படி குற்றமாகும் என்று தோன்றி, அதற்கு மாறான நம்பத்தகுந்த சான்று எதுவும் இல்லையென்றால், குற்றப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இது 2002 ஏப்ரலில் 43 காவல் படைகளுக்கும் பொதுவாக வந்த தேசியக் குற்றப்பதிவு நெறி. குற்றவாளி யாரென்று தெரிய வேண்டியதில்லை, நிரூபணமும் தேவையில்லை. பாதிக்கப்பட்டவரின் சொல்லை நம்பிப் பதிய வேண்டும். பிறகு உள்துறையின் எண்ணும் விதிகளின்படி அது கொள்ளையா, திருட்டா, காயம் விளைவித்த தாக்குதலா என்று வகைப்படுத்த வேண்டும். பதிந்தபின் குற்றமே நடக்கவில்லை என்று காட்டும் கூடுதல் சான்று, அதுவும் சரிபார்க்கக்கூடிய சான்று, கிடைத்தால் மட்டுமே ‘குற்றமில்லை’ என்று பதிவை நீக்கலாம். இதையெல்லாம் மேற்பார்வையிட ஒவ்வொரு படையிலும் குற்றப் பதிவாளர் ஒருவர் இருப்பார்.

இந்த வழியில் புகார் கசியக்கூடிய இடங்கள் மூன்று. சம்பவமாகவே விட்டுவிட்டுக் குற்றமாகப் பதியாமல் இருப்பது முதலாவது. இரண்டாவது தரம் குறைப்பது: வழிப்பறியில் போன கைபேசி ‘தொலைந்த பொருள்’ ஆகும், பூட்டை உடைத்து வீட்டுக்குள் நுழைய முயன்றது வெறும் ‘சொத்துச் சேதம்’ ஆகும். மூன்றாவது, பதிந்ததைப் பின்னால் நீக்குவது. மூன்றில் மிகக் கொடியது இந்தக் கடைசி வழிதான். ஏனென்றால் இது பாலியல் குற்றங்களிலும் நடந்தது. லண்டனின் சதர்க் பகுதியில் பாலியல் குற்றங்களை விசாரித்த பிரிவு, 2008, 2009 காலத்தில், புகாரைத் திரும்பப் பெறும்படி பெண்களிடமிருந்து எழுதி வாங்குவதை ஊக்குவித்தது. பிரிவின் செயல்திறன் எண்களை உயர்த்திக் காட்டவே இது நடந்தது என்று காவல்துறைப் புகார்களுக்கான சுதந்திர ஆணையம் 2013 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை சொன்னது. கணக்கில் விழும் ஓர் ஓட்டை நீதிமன்றம் வரை போகவேண்டிய வழக்கை விழுங்கிவிடும் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

இப்படிக் கசிவது வெளியில் எப்படித் தெரிந்தது? காவல்துறையைத் தொடாமலே குற்றத்தை எண்ணும் இன்னொரு வழி அந்த நாட்டில் இருந்ததால்தான். 1982-இல் தொடங்கிய குற்றக் கணக்கெடுப்பு அது. அந்தக் காலகட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 35,000 வீடுகளுக்கு நேர்காணல் செய்பவர்கள் நேரில் போய், ‘கடந்த 12 மாதங்களில் உங்களுக்கு என்ன நேர்ந்தது’ என்று 16 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் கேட்டார்கள். புகார் கொடுத்தீர்களா என்பது தனிக் கேள்வி. குடும்ப வன்முறை, பாலியல் வன்முறை பற்றிய கேள்விகள் வரும்போது மடிக்கணினியைப் பதில் சொல்பவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். காவல்துறையின் இலக்கு, பதவி உயர்வு, பணிச்சுமை எதுவும் இந்தப் பதில்களைத் தொட முடியாது.

இந்த முறைக்கும் குறைகள் உண்டு. கொலையானவரிடம் நேர்காணல் எடுக்க முடியாது. கடைத் திருட்டும் போதைப்பொருள் குற்றமும் இதில் வராது. ஒரே ஆள் ஒரே வகையில் மீண்டும் மீண்டும் தாக்கப்பட்டால் 5 முறைக்கு மேல் எண்ணக்கூடாது என்ற உச்சவரம்பு 2019 வரை இருந்தது. கணவனிடம் 40 முறை அடிபட்ட பெண்ணின் துயரம் கணக்கில் 5 ஆனது. ஆண்டுக்கு ஆண்டு எண் தாவாமல் இருக்க வைத்த இந்த வரம்பு, குடும்ப வன்முறையின் உண்மையான அளவைப் பல ஆண்டுகள் மறைத்தது என்றே நான் கருதுகிறேன். இருந்தாலும் ஒரு பயனுக்கு இந்தக் கணக்கெடுப்புக்கு ஈடில்லை. அந்தக் காலகட்டத்தில் கேள்வியும் முறையும் ஆண்டுதோறும் பெரும்பாலும் மாறாமல் இருந்ததால் அது போக்கைக் காட்டியது.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் செய்தது எளிய ஒப்பீடு. இரண்டு கணக்கிலும் இருக்கும் குற்ற வகைகளை மட்டும் பிரித்தெடுத்து அருகருகே வைத்தது. 2006-07 முதல் 2011-12 வரை கணக்கெடுப்பின்படி குற்றம் 17 சதவீதம் குறைந்திருந்தது. அதே வகைகள் காவல்துறைப் பதிவில் 33 சதவீதம் குறைந்திருந்தன. மக்கள் புகார் கொடுப்பது குறைந்ததால் இந்த இடைவெளி வந்ததா என்று பார்க்கலாம், அதற்கான கேள்வி கணக்கெடுப்பிலேயே இருக்கிறது. அந்தக் காரணத்தைக் கழித்தபின் மிஞ்சுவது, புகாருக்கும் பதிவேட்டுக்கும் இடையில் எங்கோ கசிகிறது என்பதுதான். பதிவு நெறியைப் பின்பற்றுவது படிப்படியாகத் தளர்ந்திருக்கலாம் என்று அலுவலகம் 2013 ஜனவரியில் எழுதியது. தளர்வு தொடங்கிய காலமும் பொருந்தி வந்தது. பதிவுகளை வெளியிலிருந்து ஒழுங்காகத் தணிக்கை செய்யும் ஏற்பாடு 2007-இல் நின்றுபோயிருந்தது.

தேர்வுக் குழு வேலையைத் தொடங்கியது இந்த இடைவெளியைக் கையில் வைத்துக்கொண்டுதான். குழு என்றால் 11 உறுப்பினர்கள், அவர்களில் ஆளுங்கட்சியினரே பெரும்பான்மை. ஆனாலும் 2010-க்குப் பிறகு தலைவரைக் கட்சிக் கொறடா நியமிப்பதில்லை. சபை முழுவதும் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறது. அப்போதைய தலைவர் பெர்னார்ட் ஜென்கின், ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர். தன் கட்சி அரசு பெருமையாகச் சொல்லும் எண்ணைச் சோதிக்கும் துணிவு அவருக்கு இருந்ததில் இந்தத் தேர்தல் முறைக்குப் பங்குண்டு.

நடைமுறை இப்படிப் போகும். விசாரணையின் வரையறையை வெளியிட்டு எழுத்துப்பூர்வச் சாட்சியம் கேட்பார்கள். வந்ததை வைத்துக் குழுவின் அலுவலர்களும் நிபுணர்களும் ஒவ்வொரு சாட்சிக்கும் கேள்விக் குறிப்பு தயாரிப்பார்கள். பிறகு பொது அமர்வு, சொல்லுக்குச் சொல் பதிவு. வரைவறிக்கையைத் தலைவர் முன்வைக்க, உறுப்பினர்கள் பத்தி பத்தியாகப் பார்த்து ஏற்பார்கள். வெளியானபின் அரசு இரண்டு மாதங்களுக்குள் பதில் தரும் என்பது வழக்கம். ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைக்கும் அதிகாரம் குழுவுக்கு உண்டு. ஆனால் அமைச்சரைப் பதவி நீக்கவோ காவல்துறைக்கு உத்தரவு போடவோ முடியாது. அதன் முழு பலமும் சாட்சியம் பகிரங்கமாகப் பதிவாவதில் இருக்கிறது.

2013 நவம்பர் 19 அமர்வில் அந்தப் பலம் தெரிந்தது. லண்டன் பெருநகரக் காவல்துறையில் கான்ஸ்டபிளாக இருந்த ஜேம்ஸ் பேட்ரிக், பதிவுகள் எப்படித் தரம் குறைக்கப்படுகின்றன, நீக்கப்படுகின்றன என்று தரவுகளோடு விளக்கினார். 1689-ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தின்படி நாடாளுமன்றத்தில் சொன்னதற்காக ஒருவர்மேல் வழக்குத் தொடுக்க முடியாது. சாட்சியம் சொன்னவரைப் பழிவாங்குவதும் 1892-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இந்தக் காப்பு இல்லாமல் பணியில் இருக்கும் ஒரு கான்ஸ்டபிள் வாய் திறந்திருக்க முடியாது. ஆனால் காப்பு குழு அறைக்குள் சொன்னதோடு நின்றுவிடுகிறது. வெளியில் எழுதியதற்காகவும் பேசியதற்காகவும் அவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை இருந்தது, கடைசியில் வேலையை விட்டார். அவருடைய துணிவுக்குக் குழு நன்றி சொன்னது. உண்மையைச் சொன்னவருக்கு நன்றி மட்டும் போதாது என்பதும் இந்த விசாரணையில் கிடைத்த பாடம்தான்.

அடுத்த இரண்டு மாதங்களுக்குள், 2014 ஜனவரி 15 அன்று, புள்ளியியல் ஆணையம் காவல்துறைக் குற்றப் பதிவுகளுக்கு இருந்த ‘தேசியப் புள்ளிவிவரம்’ என்ற தரச்சான்றை நீக்கியது. குழுவின் அறிக்கை ஏப்ரல் 9 அன்று வந்தது. அது இலக்குகளைத்தான் முதன்மையாகச் சாடியது. தேசிய அளவிலான இலக்குகளை உள்துறை அமைச்சர் தெரசா மே 2010-இல் கைவிட்டிருந்தார். ஆனால் 2012 நவம்பரிலிருந்து தேர்தலில் வென்று வந்த காவல் ஆணையர்களில் பலர் (இவர்கள் காவல் அதிகாரிகள் அல்ல, காவல் படையை மேற்பார்வையிட மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள்) தங்கள் திட்டங்களில் அவற்றைத் திரும்பவும் எழுதினார்கள். லண்டனில் மேயர் அலுவலகம் 7 வகைக் குற்றங்களை 20 சதவீதம் குறைக்கச் சொல்லியிருந்தது. குறையவேண்டிய எண்ணை எழுதுகிறவரும் அந்த எண்ணுக்காக மதிப்பிடப்படுகிறவரும் ஒரே ஆள் என்றால், யாரும் பொய் சொல்லச் சொல்லி உத்தரவிட வேண்டியதில்லை. ஐயத்துக்கிடமான ஒவ்வொரு புகாரும் தானாகவே ஒரே பக்கம் சாயும். காவல்துறைப் பதிவை வைத்து எண் இலக்கு வைக்கவே கூடாது, குற்றப் பதிவாளர் நேரே படைத் தலைவரிடம் பதில் சொல்ல வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது.

கசிவின் அளவு எவ்வளவு? காவல் படைகளின் வேலையைச் சோதிக்கும் காவல் ஆய்வு அமைப்பு அதை அளந்தது. கென்ட் படையில் 10-இல் 1 குற்றம் பதியப்படவில்லை என்று 2013-இலேயே அது கண்டிருந்தது. பின் 43 படைகளிலும் 10,000-க்கும் மேற்பட்ட புகார்களை எடுத்து, தொலைபேசிப் பதிவிலிருந்து பதிவேடு வரை தடம்பிடித்தது. 2014 நவம்பரில் வந்த முடிவு: புகாரான குற்றங்களில் 19 சதவீதம் பதியப்படவில்லை. வன்முறைக் குற்றங்களில் 33 சதவீதம், பாலியல் குற்றங்களில் 26 சதவீதம். அப்போது ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் குற்றங்கள் பதிவாகின. அது புகார்களில் 81 சதவீதம் என்றால் மொத்தம் 43 லட்சம் இருக்க வேண்டும். 8 லட்சத்துக்கு மேல் காணவில்லை. தனியாகச் சோதித்த 3,246 ‘குற்றமில்லை’ முடிவுகளில் 664 தவறானவை. அவற்றில் 200-க்கும் மேற்பட்டவை பாலியல் வல்லுறவுப் புகார்கள். எல்லாமே திட்டமிட்ட மோசடி என்று சொல்வதற்கில்லை. விதி தெரியாமை, பணிச்சுமை, மேற்பார்வைக் குறை ஆகியவையே பெரும்பகுதிக்குக் காரணம். இலக்கின் அழுத்தமும் கூடவே இருந்தது.

இங்கே மாதிரி அளவைக் கவனிக்க வேண்டும். 10,000 புகார்கள் நாடு முழுமைக்கும் நல்ல மதிப்பீடு தரும். 43 படைகளுக்குப் பிரித்தால் ஒன்றுக்குச் சுமார் 230. 19 சதவீதம் போன்ற ஒரு விகிதத்துக்கு அந்த அளவில் பிழை வரம்பு மேலும் கீழுமாக 5 புள்ளிகள் வரும். ஒரு படை 15, இன்னொன்று 22 என்று வந்தால் முதலாவது நேர்மையானது என்று சொல்லிவிட முடியாது. படைவாரித் தரவரிசையை உறுப்பினர்கள் கேட்பதும் நாளிதழ்கள் அச்சிட விரும்புவதும் இயல்பு. மாதிரி அதற்கு இடம் கொடுக்கவில்லை.

திருத்தம் தொடங்கியதும் இன்னொரு குழப்பம் வந்தது. 2015 ஏப்ரலிலிருந்து புகாரை 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும் என்று விதி இறுகியது, முன்பு 72 மணி நேரம் இருந்தது. அதற்குள்ளாகவே பதிவு ஒழுங்கானதால், 2015 மார்ச்சில் முடிந்த ஆண்டில் காவல்துறைக் கணக்கில் வன்முறை 23 சதவீதமும் பாலியல் குற்றம் 37 சதவீதமும் ஏறின. கணக்கெடுப்பில் வன்முறை அப்படி ஏறவில்லை. பாலியல் குற்றத்தில் மக்கள் துணிந்து புகார் கொடுப்பதும் கூடியிருந்தது. நேர்மையாக எழுதத் தொடங்கிய ஆண்டில்தான் எண் மோசமாகத் தெரியும். இந்த ஏற்றத்தைக் காட்டி அரசைத் தாக்குவது எதிர்க்கட்சிக்குச் சுலபம். தாக்கினால் அடுத்த ஆண்டு யாரும் நேர்மையாக எழுத மாட்டார்கள்.

ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்விகள் குற்ற வகைக்கு ஏற்ப மாறும். கொலைக்குக் காவல்துறைப் பதிவே சிறந்த ஆதாரம், ஏனென்றால் அதை மறைப்பது கடினம். வீட்டில் நடக்கும் திருட்டுக்கும் தாக்குதலுக்கும் கணக்கெடுப்பின் போக்கைப் பார்க்க வேண்டும். போதைப்பொருள் குற்றம் ஏறினால் காவலர்கள் எத்தனை பேரைச் சோதனையிட்டார்கள் என்று முதலில் கேட்க வேண்டும், அந்த எண் பெரும்பாலும் அவர்களின் உழைப்பைத்தான் அளக்கிறது. இணைய மோசடியில் இரண்டு கணக்குமே நெடுங்காலம் குருடாக இருந்தன. கணக்கெடுப்பில் அதற்கான கேள்விகள் 2015 அக்டோபரில்தான் சேர்ந்தன. 2016-இல் வந்த முதல் மதிப்பீடு மோசடி 38 லட்சம், கணினிக் குற்றம் 20 லட்சம் என்று காட்டியது. ‘குற்றம் குறைந்துவிட்டது’ என்று அமைச்சர்கள் பேசிய காலத்தில் இவற்றில் பெரும்பகுதி கணக்கில் இல்லை.

ஆய்வு அமைப்பின் பிந்திய சோதனைகளில் பதிவுத் துல்லியம் சுமார் 80 சதவீதத்திலிருந்து 92.4 சதவீதமாக உயர்ந்திருக்கிறது. சமூகத்துக்கு இடையூறான நடத்தை என்று வரும் புகார்களில் இன்னும் ஓட்டை இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் மாதக்கணக்கில் மிரட்டுகிறார் என்று ஒருவர் பேசினால் அது துன்புறுத்தல் குற்றம், ஆனால் பலமுறை சம்பவக் குறிப்போடு நின்றுவிடுகிறது. 2014-இல் நீக்கிய தரச்சான்று, புள்ளியியல் ஆணையத்தின் ஒழுங்குமுறை அலுவலகம் 2024-இல் மறுஆய்வு செய்தபோதும் திரும்பக் கிடைத்திருக்கவில்லை.